பச்சைக் கோடிட்ட பதினேழு போஸ்ட்டுகள்

இந்தக் கூடத்தின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் சில பக்கங்கள் எழுதித் தருமாறு நிர்வாகம் என்னைக் கேட்டுக்கொண்டது. பின்பால் இயந்திரத்தில் விளக்கை எப்படி மாற்றுவது, ரப்பர் வளையத்தை எப்போது மாற்றுவது என்பதற்கெல்லாம் கையேடு இருக்கிறது. அதன் பெரும்பகுதியை எழுதியவன் நான் என்பதால் அதன் தரத்தைப் பற்றி நானே பேசுவது முறையாகாது. படித்து நீங்களே வியந்துகொள்ளலாம்.

கையேட்டில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. என் தவற்றினால் இங்கே பணியாற்றிய ஒரு பெண்மணியின் வேலை பறிபோகவிருந்த கதை அது. அதைச் சேர்ப்பதற்குப் பொருத்தமான இயல் எதுவும் பதவியில் இருந்தவரை எனக்குத் தென்படவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தென்படுகிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் பட்டதாரி. என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தீவுக்கு எழுத்தராக வந்தவர். எங்கள் குடும்பத்தார் கையெழுத்திட்ட தாளை எவரும் திருப்பி அனுப்பியதில்லை என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்க்கப்பட்டோம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்துவிட்டு, லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியிலிருக்கும் இந்த பின்பால் கூடத்துக்குப் பராமரிப்புப் பொறுப்பாளராக வந்தேன். விளையாட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பது என் தகுதிக்குச் சற்றுக் கீழே என்று அப்போது நினைத்தேன். இயந்திரங்களும் என்னைப் பற்றி ஏதோ நினைத்திருக்கக்கூடும்.

இந்த இயந்திரத்தின் உயிர் அதன் பலகையில் இருக்கிறது. கண்ணாடி மூடிய சாய்வான மரப்பலகையின் மேல், ஆடுபவர் தட்டிவிடும் எஃகுப் பந்து ஓடுகிறது. வழியெங்கும் விரல் உயரத்தில் சிறு தூண்கள் நிற்கின்றன. அவற்றைத்தான் நாம் போஸ்ட் என்கிறோம். ரப்பர் மாட்டிய அந்த போஸ்ட்டில் பந்து நாளெல்லாம் மோதித் திரும்புகிறது. பலரும் அடி வாங்குவது போஸ்ட் என்றே நினைக்கிறார்கள். போஸ்ட்டை மாற்றிவிடலாம். அதன் காலடியிலுள்ள பலகையும், பலகைமேல் தீட்டிய ஓவியமும், ஓவியத்தின்மேல் கண்ணாடிபோல் பூசிய வார்னிஷும் வாங்கும் அடிதான் திரும்பி வராத சேதம்.

நான் வந்த முதல் மாதத்தில் இதைக் கண்ணால் கண்டேன். பழைய இயந்திரம் ஒன்றில் போஸ்ட்டுகள் தளர்ந்து ஆடின. ஒவ்வொரு மோதலுக்கும் போஸ்ட் சாய்ந்து நிமிர்ந்து, தன் காலடி மரத்தை அம்மிக்குழவிபோல் அரைத்திருந்தது. திருகாணித் துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. கூடத்திலிருந்த எல்லா போஸ்ட்டுகளையும் தொழிற்சாலைப் பழக்கப்படி, இறுக்கத்துக்கு அளவு வைத்த திருப்புளியால், ‘டக்’ என்று சத்தம் வரும்வரை இறுக்கினேன். ஆட்டம் நின்றது. முதலாளி என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டுத்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம். ஒரு முறை சரியாக வந்த விடையை எல்லாக் கேள்விக்கும் எழுதிவிடுவது படித்தவர்களிடம் அதிகமாகக் காணப்படும் குறை.

தொழிற்சாலையிலிருந்து இன்னொரு வழக்கத்தையும் கொண்டுவந்தேன். திருகாணியை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து போஸ்ட்டின் மேற்பகுதிவரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடவேண்டும். பின்னாளில் கோடு விலகியிருந்தால் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். யார் முடுக்கியது என்று தெரிய ஆளுக்கொரு நிறம். என்னுடையது பச்சை. வேலை முடிந்ததும் கைப்பேசியில் படம் எடுத்துவைக்கவேண்டும் என்பதும் விதி. நிறங்களின் விளக்கத்தைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். என்னைத் தவிர அதை யாரும் திறந்ததில்லை.

மஞ்சள் நிறத்துக்கு உரியவர்தான் நான் சொல்லவந்த பெண்மணி. கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரியில் வருவார் என்பதால் எல்லாருக்கும் அவர் ஃபெரி அக்கா. வார இறுதிகளில் அங்கே ஒரு கடையில் பெண்களுக்கு நகப்பூச்சுப் பூசுவார். மற்ற நாள்களில் இங்கே என் கீழ்ப் பணி. இதை எழுதலாமா என்று கேட்டபோது தம் பெயரை மட்டும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். “பேரு போட்டீங்கன்னா புதுசா வர்றவன் எல்லாம் எனக்குப் போன் பண்ணுவான் சார். எனக்கு வேற வேலை இல்லையா லா?”

கெலுகோரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் தம் இயந்திரங்களுள் ஒன்றை எங்கள் கூடத்தில் நடக்கவிருந்த பின்பால் போட்டிக்காக இரவல் தந்தார். இயந்திரம் பழையது, பலகை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புத்தம் புதியது. போட்டி சனிக்கிழமை. திருப்தியாக இருந்தால் மற்ற இயந்திரங்களையும் இங்கேயே வைக்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை, போஸ்ட்டுகளை மாட்ட நானும் ஃபெரி அக்காவும் நின்றோம்.

அவர் பலகையின்மேல் குனிந்தார். “சார், இந்தப் பூச்சு எப்ப அடிச்சது?”

“பலகை புதியது அம்மா. கப்பலில் வந்து மூன்று வாரம் ஆகிறது.”

“அதான் கேக்குறேன். மேல காஞ்சிருக்கு. உள்ளுக்குக் காயல. மோந்து பாருங்க.”

நான் மோந்து பார்க்கவில்லை. நான் அறிந்த எந்தத் தரநிலையிலும் அப்படியொரு சோதனை இல்லை.

“நகத்துல ரெண்டு கோட் அடிச்சா மேல பளபளன்னு இருக்கும் சார். ஆயிருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சுப் போவாளுங்க. ரோட்டுல நிக்கிற காடிக் கதவத் தொறந்த உடனே பட்டுன்னு அமுங்கிச் சுருங்கிரும். அப்புறம் என்கிட்ட வந்து சண்டை. போஸ்ட்ட இறுக்குனா இதுவும் அப்படித்தான் பிதுங்கும். அடியில சன்னமா ஒரு பிளாஸ்டிக் வாஷர் வெச்சு, பட்டும் படாம முடுக்குவோம் லா.”

“இது நகம் இல்லை அம்மா.”

“நகம்னா திரும்ப வளரும் சார். இது வளராது.”

பதில் இல்லாத நேரங்களில் நான் விதிமுறையை மேற்கோள் காட்டுவது வழக்கம். தளர்ந்த போஸ்ட் பலகையை அரைக்கும், ஆகவே முழு இறுக்கம், வாஷர் கூடாது. அவர், “சார் சொன்னா சரி,” என்று இடப்பக்கம் போய்விட்டார். அவ்வளவு எளிதில் ஒருவர் உடன்படும்போது சந்தேகப்படவேண்டும் என்பதை நான் பிறகு கற்றுக்கொண்டேன்.

வலப்பக்கம் பதினேழு போஸ்ட்டுகள். பதினேழு ‘டக்’. பதினேழு பச்சைக் கோடுகள். அவர் இடப்பக்கத்தை முடித்து மஞ்சள் கோடுகளைப் போட்டார்.

புதன்கிழமை பல் டாக்டர் வந்தார். இரண்டு நாள் பயிற்சி ஆட்டம் நடந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிறு விளக்கை அடித்து, ஒருவர் வாய்க்குள் பார்ப்பதுபோல் பலகையைப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போய்ப் பார்த்தேன். வலப்பக்க போஸ்ட்டுகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் வார்னிஷ் வளையமாகப் பிதுங்கியிருந்தது. ஒன்றின் அடியில் நகக்கண் அளவுக்கு வார்னிஷ் பெயர்ந்து, ஓவியத்தில் இருந்த நிலவின் ஒரு பகுதியையும் பிடுங்கிக்கொண்டு நின்றது.

ஒரு மணி நேரத்தில் அறிக்கை தயாரித்தேன். இரண்டு பக்கம். ‘பூச்சின் ஒட்டுந்திறனில் காணப்படும் உற்பத்திநிலைக் குறைபாடு’ என்பது அதன் மையத் தொடர். நல்ல தொடர்தான், இன்று படித்தாலும் அதில் பிழை காண முடியாது. உண்மை இல்லை என்பது வேறு விஷயம். பலகை செய்தவர்களுக்கு டாக்டர் செய்தி அனுப்பினார். அவர்கள் பதிலுக்கு இரண்டே கேள்விகள் கேட்டார்கள்: பூச்சு முழுமையாகக் காயும் முன் போஸ்ட்டை இறுக்கியது யார்? கிட்டத்திலிருந்து எடுத்த படங்களை அனுப்ப முடியுமா?

முதலாளி என்னைத் தனியே அழைத்தார். மார்க்கெட் ஸ்திரீட்டில் துணிக்கடை நடத்திய குடும்பம். துணியில் கறை பட்டால் யாரையாவது உடனே கைகாட்டிப் பழகியவர். “சார், உங்க கைல தப்பு வராது, எனக்குத் தெரியும். அக்காதான். நகம் பூசற கைல ஸ்குரூ டிரைவர் குடுத்தது என் தப்பு. நாளைக்குப் பதினோரு மணிக்கு டாக்டர் வர்றாரு. அவர் முன்னாடியே அக்காவுக்கு லெட்டர் குடுத்து அனுப்பிர்றேன். அப்பத்தான் அவருக்கு மனசு ஆறும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்தேன் என்று தெரியாது. சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப் போதுமான நேரம்.

மறுநாள் காலை எட்டரைக்கு, கூடம் திறக்கும் முன், ஒரு துணியோடும் ஆல்கஹால் புட்டியோடும் அந்த இயந்திரத்தின் முன் நின்றேன். படம் எடுக்கப்போகிறார்கள். படத்தில் இரண்டு நிறம் தெரியும். சேதமெல்லாம் ஒரே நிறத்தின் பக்கம் இருக்கும். யாராவது பதிவேட்டைத் திறப்பார்கள். கோடுகளே இல்லாவிட்டால் கேள்வியே எழாது என்பது என் கணக்கு. மேல்கண்ணாடியைக் கழற்றி, புட்டியைத் திறந்து, குனிந்தேன்.

“சார், அந்த மருந்த வைக்காதீங்க.”

ஃபெரி அக்கா கையில் ஒரு துணிப்பையோடு பின்னால் நின்றிருந்தார். கடிதச் செய்தி அவருக்கு முந்தின நாளே எட்டிவிட்டது.

“தூசியைத் துடைக்கிறேன்,” என்றேன்.

“தூசி பச்சையா இருக்கா சார்?” என்றவர் கிட்டே வந்தார். “ஒரு சொட்டு வழிஞ்சாலும் பூச்சு வெள்ளையா பூத்துரும். ஏற்கெனவே பிதுங்கிக் கெடக்கு, இன்னும் கெடுக்காதீங்க. தொடைச்சுத்தான் ஆகணும்னா தண்ணியில நனைச்சுத் தொடைங்க. கோடு போகாது. ஆனா பலகைக்கு ஒண்ணும் ஆகாது.”

வேலை போகப்போகிறவர் அவர். அந்த நேரத்திலும் அவர் கண் பலகைமேல்தான் இருந்தது.

“அன்னைக்கே நான் படம் எடுத்துட்டேன் சார். வேலை முடிஞ்சா எடுக்கணும்னு உங்க ரூல்ஸ்தானே. ரெண்டு பக்கமும் இருக்கு, கோட்டோட.”

“அதை முதலாளியிடம் காட்டியிருக்கலாமே.”

“காட்டுனா? நகம் பூசறவ போன்ல படம் வெச்சிருக்கா, டிகிரி படிச்ச சார் ரிப்போர்ட் குடுத்திருக்காரு. எத நம்புவாரு? நீங்க சொன்னாத்தான் நம்புவாரு. அதான் மொத ஃபெரியப் புடிச்சு வந்தேன், உங்களக் கேக்கலாம்னு.” அவர் துணியைப் பார்த்தார். “கேக்க வந்தா, நீங்க இதோட நிக்கிறீங்க.”

புட்டியை மூடினேன். என்னைத் தடுத்தது மனசாட்சி என்று எழுதினால் இந்தப் பக்கத்துக்கு அழகு கூடும். முதலில் தடுத்தது பூச்சு வெளுத்துவிடும் என்ற அச்சம். மனசாட்சி சற்றுத் தாமதமாக, அதன் பின்னால் வந்து சேர்ந்தது. எந்த வரிசையில் வந்தாலும் வந்ததை உள்ளே விடவேண்டும் என்பது மட்டுமே நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது.

பதினோரு மணிக்கு முதலாளியின் அறையில் நால்வரும் இருந்தோம். கடிதம் மேசைமேல் இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

“மேற்படி இயந்திரத்தின் வலப்பக்கத் திருகாணிகள் முடுக்கப்பட்ட விதம் குறித்து முந்தைய அறிக்கையில் விடுபட்ட தகவல் ஒன்று உள்ளது. அதன் பொறுப்பு பராமரிப்புப் பிரிவின் தலைமையையே சாரும்.”

முதலாளி விழித்தார். “சார், செய்தி வாசிக்கிற மாதிரி பேசாதீங்க. தலைமைன்னா யாரு?”

“பிரிவின் பொறுப்பாளர்.”

“அது யாரு லா?”

டாக்டர் மெல்லச் சொன்னார்: “அவர்தாங்க. அவரையேதான் சொல்றாரு.”

இதற்கு மேல் கட்டுவதற்கு வாக்கியம் கிடைக்கவில்லை. “நான்தான் செஞ்சேன்,” என்றேன். “பச்சைக் கோடு என்னோடது. அக்கா வேணாம்னு சொன்னாங்க. நான் கேக்கல.”

என் பணிக்காலத்தில் நான் பேசியவற்றுள் எவரும் விளக்கம் கேட்காத பேச்சு அது ஒன்றுதான்.

டாக்டர் கேட்டார். “எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு பக்கமும் அதே பூச்சு. இடப்பக்கம் மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?”

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம்.

“வாஷர் போட்டேன் டாக்டர். மெதுவாத்தான் முடுக்குனேன்.”

“வாஷர் கூடாது என்று நான் உத்தரவிட்டிருந்தேனே,” என்றேன். பழக்க தோஷம்.

“அதான் நீங்க பாக்காதப்ப போட்டேன்.”

அக்கா துணிப்பையிலிருந்து மிச்சமிருந்த வாஷர் ஒன்றை எடுத்துக் காட்டினார். முதலாளிக்கு வேறு சந்தேகம். “இவ்ளோ சன்னமா, கண்ணாடி மாதிரி வாஷர் எங்க கெடைச்சது?”

“கடையில தேட நேரம் ஏது? சாரோட ரூல்ஸ் பைல் மேல பிளாஸ்டிக் அட்டை இருந்துச்சுல்ல, அதத்தான் வட்டமா வெட்டுனேன். உள்ள இருக்குற பேப்பர்ல கை வைக்கல சார், பயப்படாதீங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். என் விதிமுறைகள் அந்தப் பலகையின் பாதியைக் காப்பாற்றின என்று நான் உரிமை கொண்டாட அந்த அட்டை ஒன்றே ஆதாரம்.

முதலாளி கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். கிழிக்கவில்லை, பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கக்கூடும். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று என் சட்டைப்பையிலிருந்த பதவி விலகல் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதற்குள் ஃபெரி அக்கா குறுக்கிட்டார்.

“சார் போயிட்டா அந்தப் பதினேழையும் யாரு தளத்துறது? அவரு முடுக்குன முடுக்கு என் கைக்கு அசையாது. அவரே தளத்திட்டு அப்புறம் எங்க வேணா போகட்டும்.”

டாக்டர் தலையசைத்தார். “சரி. சுத்துறது அவர் கை. எங்க நிறுத்தணும்னு சொல்றது அக்கா. நடுவுல அவர் ஏதாவது ரூல் சொன்னாருன்னா நான் மெஷினத் தூக்கிட்டுப் போயிருவேன்.”

அன்று பிற்பகல் முழுவதும் அந்த வேலை நடந்தது. போட்டிக்கு வந்துசேர்ந்திருந்த ஆட்டக்காரர்கள் சிலர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் குனிந்து திருப்புளியைப் பிடித்திருக்க, அக்கா என் தோளுக்கு மேலிருந்து கட்டளையிட்டார். “கால் சுத்து. இன்னும் கால். இருங்க, பூச்சு மூச்சு விடட்டும். இப்ப இன்னும் கொஞ்சம். போதும். போதும்னா போதும் சார்!” ஒவ்வொரு போஸ்ட்டையும் கழற்றி, அடியில் வாஷர் வைத்து, போஸ்ட் அதன்மேல் வந்து உட்கார்ந்ததும் நிறுத்தி, ஆடாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு திருப்பு. ‘டக்’ என்ற சத்தம் ஒரு முறைகூட வரவில்லை. அது வராமலே ஒரு வேலை முடிந்திருக்கிறது என்று நம்ப எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

பெயர்ந்த நிலவுத் துண்டுக்குத்தான் அதிக நேரமானது. அக்கா குச்சி நுனியில் பசை தொட்டு வைத்து, சுண்டுவிரலால் அழுத்தினார். “மூச்சு விடாதீங்க சார், பறந்துரும்.” நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒட்டியது. பிதுங்கிய வளையங்கள் அப்படியே இறுகிவிட்டன. இன்றும் சாய்வான வெளிச்சத்தில் தெரியும்.

சனிக்கிழமை போட்டி நடந்தது. டாக்டரின் மற்ற இயந்திரங்களும் கூடத்துக்கு வந்தன. போஸ்ட்டில் கை வைப்பது ஃபெரி அக்கா மட்டுமே என்பது நிபந்தனை. என் கடிதத்தை யாரும் ஏற்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. ஆகவே மேலும் நான்கு ஆண்டுகள் பொறுப்பாளராகவே இருந்தேன். பதிவேட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து. இப்போது அவர் பட்டர்வொர்த்தில் சொந்தமாக நகக் கடை வைத்திருக்கிறார். அங்கே போய்த் தொல்லை கொடுக்காதீர்கள்.

புதிய பலகை வந்தால் பூச்சு எப்போது அடித்தது என்று முதலில் கேளுங்கள்; மோந்தும் பாருங்கள். தளர்ந்த போஸ்ட் அரைக்கும், மிகையாக இறுகிய போஸ்ட் பிதுக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதைக் கை சொல்லும், அளவுகோல் சொல்லாது. உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் ஒன்றை வேண்டாம் என்றால், ஏன் என்று ஒரு முறையாவது கேளுங்கள். இவற்றை அடுத்த பதிப்பில் சேர்க்கும்படி நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறேன்.

டாக்டரின் அந்த இயந்திரம் இப்போது சன்னலோரத்தில் நிற்கிறது. வலப்பக்கம், நிலவுக்குக் கீழேயுள்ள போஸ்ட்டின் வாஷரைக் கழற்றி அந்த நிலவுத் துண்டு அடியில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்க்க உங்களுக்கு ஆசை வரும். பார்க்கவேண்டாம். பலகையின் நலன் கருதிச் சொல்கிறேன். என் நலன் கருதி அல்ல என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை, ஆகவே சொல்லவில்லை.